தேவையும் மிகையும்



எங்கள் ஊர் மொரப்பூர். சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில், சோலையார்பேட்டையைக் கடந்த பின் வருவது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை வேளைகளில் இரயில் நிலையம் வரை நடந்து சென்று சிறிது நேரம் அமர்ந்து வருவது என் வழக்கம். வண்டி ஏற வருவோர் சுமந்து வரும் மூட்டைகளைக் கவனிப்பதில் எனக்கு ஓர் ஈடுபாடு உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் குடும்பத்தார், மாற்றுத் துணி அடங்கிய ஒரு பையோடும் கேழ்வரகு மாவு கட்டிய ஒரு சிறு மூட்டையோடும் வருகின்றனர். திருமணத்திற்குச் செல்வோர் பத்துப் பெட்டிகளோடு வந்து, பதினோராவது பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டோமே என்று பதறுகின்றனர். இவ்விரு திறத்தாரையும் ஒருங்கே காணும்போது, மனிதன் நன்கு வாழ்வதற்கு உண்மையில் எவை வேண்டும் என்னும் வினா என் உள்ளத்தில் எழுகிறது. அவ்வினாவுக்கு விடை தேடிய நூல்கள் சிலவற்றைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விரும்புகிறேன்.

நூல்களைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு எளிய வாழ்வின் சிறப்பைப் பற்றி ஒரு வாரம் பாடம் நடத்தினேன். ஆசை சுருங்கினால் துன்பமும் சுருங்கும் என்று அழகாகவே பேசினேன். முடிவில், 'எனக்குத் தேவையானவை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வரப் பணித்தேன். பெரும்பாலோர், ஆசிரியர் எதை விரும்புவார் என்பதை நன்கு அறிந்து, "எனக்கு ஒன்றும் வேண்டா, உள்ளதே போதும்" என்று இரண்டு பக்கம் நிரப்பியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் இரண்டே வரிகள் எழுதியிருந்தாள். வீட்டின் அருகில் நல்ல தண்ணீர் வேண்டும். மணி அடிக்குமுன் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். இவ்வளவுதான். கட்டுரை போதாது என்று சிவப்பு மையால் எழுதி, நூற்றுக்கு இருபது மதிப்பெண் இட்டேன்.

சில நாட்கள் கழித்து வேறொரு பணியின் பொருட்டு அம்மாணவியின் சிற்றூருக்குச் செல்ல நேர்ந்தது. தெருவிலேயே அடிகுழாய் இருந்தது. ஆனால் அந்நீரைக் குடிக்கலாகாது என்று ஊரார் அஞ்சினர். குடிநீருக்காக வயல்களைக் கடந்து, தொலைவில் இருந்த ஒரு கிணற்றுக்குச் செல்ல வேண்டும். காலையில் இருமுறை குடம் சுமந்த பிறகே அவள் பள்ளிக்குப் புறப்படுவாள். அவள் பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்வதை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். நாணம் என்று எண்ணியிருந்தேன். அன்றுதான் அவளுடைய பற்களில் படிந்திருந்த பழுப்புக் கறையைக் கண்டேன்.

தருமபுரி வட்டாரத்தில் இக்கறை பலரிடம் உண்டு. நம் நிலத்தடியில் உள்ள பாறைகளில் ஃபுளோரைடு என்னும் உப்பைத் தரும் கனிமங்கள் கலந்துள்ளன. பாறையோடு நெடுநாள் கிடக்கும் நீரில் அது கரைகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் அளவு. அதனை மீறிய நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து பருகினால், உருவாகிவரும் பற்களின் மேற்பூச்சு கெடுகிறது. ஆண்டுக்கணக்கில் மிகுதியாகப் பருகினால் எலும்பும் மூட்டும் கெடுகின்றன. இத்தகைய நீர் ஓடும் தெருவில் வாழ்ந்த சிறுமிக்குத்தான் நான், உள்ளதே போதும் என்று பாடம் நடத்தியிருந்தேன்!

மறுநாள் அவளுடைய மதிப்பெண்ணைத் திருத்தினேன். நீர் சுமந்து காலந்தாழ்த்தி வருவோரை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தையும் கைவிட்டேன். அந்நாளில் என்னால் இயன்றது அவ்வளவே. அதன் பின்னர், முன்பு படித்த நூல்களையெல்லாம் மீண்டும் எடுத்துப் படித்தேன். அவை முன்பு சொன்னதைவிடச் சற்று வேறாகப் பேசின.

முதலில் நம் புறநானூறு. அதன் 189ஆம் பாட்டு நக்கீரனார் பாடியது. உலகு முழுவதையும் ஆளும் அரசனாயினும், இரவும் பகலும் உறங்காது விலங்கின்பின் திரியும் வேட்டுவனாயினும், உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் ஏறத்தாழ ஒரே அளவினவே என்பது அப்பாட்டின் கருத்து. பலரும் இதனைப் போதும் என்னும் மனத்திற்குச் சான்றாகக் காட்டுவர். நானும் அவ்வாறே காட்டியவன்தான். ஆயின் புலவர் அங்கே நின்றுவிடவில்லை. ஆதலால் செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே என்று முடிக்கிறார். அரசனுக்கு மிகை எது என்பதை அளந்த கோலாலேயே வேட்டுவனுக்கு உரியது எது என்பதையும் அளந்துவிடுகிறார். அளவுகோல் ஒன்று, அதற்கு முனைகள் இரண்டு.

அடுத்து, அமெரிக்க நாட்டு அறிஞர் தோரோ. 1845ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், மாசசூசெட்சு மாநிலத்துக் கான்கார்டு என்னும் ஊருக்கு அருகில், வால்டன் என்னும் குளக்கரையில் தாமே கட்டிய சிறு குடிலில் அவர் குடியேறினார். இரண்டு ஆண்டுகளும் இரண்டு திங்களும் அங்கே வாழ்ந்தார். 1854இல் வெளியான 'வால்டன்' என்னும் நூலில், பலகை, ஆணி, சுண்ணாம்பு என ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி, குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று காட்டுகிறார். உணவு, உறைவிடம், உடை, எரிபொருள் என்னும் நான்குமே உயிர் வாழ இன்றியமையாதவை என்பது அவர் கண்ட முடிவு. மாணவர்கள் படித்தே ஆக வேண்டிய நூல் இது. எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. அவர் குடியிருந்த நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்கு உரியது. மரம் வெட்டிய கோடரி இரவல் வாங்கியது. தேவையை எவ்வளவு சுருக்கினாலும், அயலாரின் துணை என்னும் ஒன்றைச் சுருக்க இயலவில்லை.

உருசியப் பேராசிரியர் டால்ஸ்டாய் 1886இல் எழுதிய ஒரு சிறுகதை, மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று வினவுகிறது. கதிரவன் மறைவதற்குள் நடந்து சுற்றிவரும் நிலம் முழுவதும் உனக்கே என்ற சொல்லைக் கேட்டு, ஓர் உழவன் மேலும் மேலும் நடந்து, முடிவில் ஓடிவந்து விழுந்து உயிர் விடுகிறான். அவனைப் புதைக்க ஆறடி நிலம் போதுமானதாயிற்று. பேராசையின் முடிவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. ஆனால் இக்கதையை, உழுவதற்கு ஒரு காணி நிலமும் இல்லாதவனிடம் சொல்வதில் பயன் இல்லை. யாரிடம் எந்த நூலைக் கொடுப்பது என்பதை அறிவதும் ஆசிரியரின் கடமை என்பதை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

இந்த இரண்டு முனைகளையும் ஒருங்கே கண்டவர் நம் தமிழகத்தவர் ஒருவர். அவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்றவர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்த பின், கிராமத் தொழில்களின் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் பெயரை 'நிலைத்திருக்கும் பொருளாதாரம்' என்று தமிழில் சொல்லலாம். 1945இல் காந்தியடிகள் அதற்கு முன்னுரை எழுதினார்.

வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதைவிட, சிக்கலானது, எளியது என்று பிரிப்பதே பொருந்தும் என்று குமரப்பா கருதினார். பொருள்களின் எண்ணிக்கை பெருகுவதாலேயே தரம் உயர்ந்துவிடாது. இயற்கை வளங்களையும் அவர் இருவகையாகக் கண்டார். நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம் போன்றவை. காடும் ஆறும் மீண்டும் மீண்டும் ஊறும் ஓட்டம் போன்றவை. மனிதன் தன் அன்றாட வாழ்வை ஓட்டத்தின்மீது அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் அறிவுரை. ஏரியை மேடாக விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணற்றை ஆண்டுதோறும் மேலும் ஆழமாக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. 1960 சனவரி 30ஆம் நாள் அவர் மதுரையில் மறைந்தார்.

இறுதியாக, சிலி நாட்டுப் பொருளாதார அறிஞர் மேக்ஸ்-நீஃப். 1932 முதல் 2019 வரை வாழ்ந்தவர். மனிதத் தேவைகளுக்கு எல்லை இல்லை என்னும் பொதுக் கருத்தை அவர் மறுத்தார். தேவைகள் சிலவே, எல்லா நாட்டினர்க்கும் பொதுவானவையே, அவற்றை நிறைவு செய்யும் வழிகளே பலவாகி மாறிக்கொண்டிருக்கின்றன என்றார். உயிர் வாழ்தல், பாதுகாப்பு, அன்பு, அறிதல், பங்கேற்றல், ஓய்வு, படைத்தல், தனக்கென ஓர் அடையாளம், விடுதலை என ஒன்பதை எண்ணிக் காட்டினார். சில வழிகள் ஒரே செயலால் பல தேவைகளை நிறைவு செய்யும் என்பதற்கு, தாய் தன் குழந்தைக்குப் பால் ஊட்டுவதை அவர் எடுத்துக்காட்டினார். அதில் உணவும் உண்டு, பாதுகாப்பும் உண்டு, அன்பும் உண்டு.

இந்த ஒன்பதையும் படித்தபோது அம்மாணவியின் இரண்டு வரிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. நல்ல தண்ணீர் என்பது உயிர் வாழ்தல். மணி அடிக்குமுன் பள்ளிக்கு வருதல் என்பது அறிதலும் பங்கேற்றலும். வீட்டருகே ஒரு நல்ல குழாய் இருந்தால் இம்மூன்றும் ஒருங்கே நிறைவேறியிருக்கும். அறிஞர் ஒரு நூலில் விளக்கியதை அவள் இரண்டு வரிகளில் எழுதியிருந்தாள். நான்தான் இருபது மதிப்பெண் இட்டேன்!

2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் ஃபுளோரைடின் தீமையைத் தடுப்பதும் காவிரி நீரை ஊர்தோறும் தருவதும் அதன் நோக்கங்கள். மகிழ வேண்டிய செயல். ஆயினும் அம்மாணவியின் தலைமுறைக்கு அது காலங்கடந்து வந்தது. நீர் மாறினாலும் பல்லில் ஏறிய கறை மாறுவதில்லை.

மாணவ மாணவியரே! எளிமையைப் போற்றும் நூல்களை நீங்கள் விரும்பிப் படியுங்கள். ஆனால் ஒவ்வொரு நூலிடமும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். என்னிடம் மிகையாக உள்ளது எது? என் அயலாரிடம் குறையாக உள்ளது எது? முதல் வினாவை மட்டும் கேட்பவர் தம் மன அமைதியோடு நின்றுவிடுவர். இரண்டாவதை மட்டும் கேட்பவர் பிறரைக் குறை சொல்வதோடு நின்றுவிடுவர். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் படிப்பு செயலாகிறது. தானே விரும்பி ஏற்கும் எளிமை அறம். பிறர்மீது சுமத்தப்படும் இல்லாமை அறமன்று.

இன்று இரவு உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, நடுவே ஒரு கோடு இடுங்கள். ஒருபுறம் உங்கள் வீட்டில் ஓராண்டாகப் பயன்படாமல் கிடக்கும் பொருள்களை எழுதுங்கள். மறுபுறம் உங்கள் தெருவில் யாருக்கேனும் இன்றியமையாததாக இருந்தும் கிடைக்காதவற்றை எழுதுங்கள். இரண்டாம் பத்தியை எழுதுவதற்கு நீங்கள் வீட்டை விட்டு வெளியே சென்று நான்கு பேரோடு பேசியாக வேண்டும். அதனை இரண்டே வரிகளில் எழுதி முடித்தாலும் தாழ்வில்லை.