படிக்கிற பிள்ளைக்கும் கூட்டு ஒப்பந்தம்

(தோட்டக் கிளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஓர் அம்மா எழும்பிக் கேட்டார்: "படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லைதான் சேர். ஆனா சாதாரணதரம் முடிச்ச பையன் கொழும்புல கடை வேலைக்குப் போனா மாசம் ஏதாவது அனுப்புவான். அவன் படிச்சிக்கிட்டு இருந்தா அந்தக் காச யாரு தர்றது?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு, வேறு நாடுகள் இதே கேள்விக்கு என்ன செய்தன என்று தேடி வாசித்தேன். டென்மார்க்கைப் பற்றி வாசித்ததை இன்று சொல்கிறேன். நமது இலங்கையை விடப் பரப்பில் சிறிய நாடு, சனத்தொகை சுமார் 60 இலட்சம்.

அங்கே 1814இலேயே கட்டாயக் கல்விச் சட்டம் வந்துவிட்டது. இன்று ஆறு வயதளவில் தொடங்கிப் பத்து வருடம் கட்டாயம். அரசாங்கப் பாடசாலையில் கட்டணம் இல்லை. தரம் 8 வரும்வரை புள்ளியும் போடுவதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் நேரத்தில் நமது லயங்களில் நடக்கிற கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள்! ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். (இதை மட்டும் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம்.)

அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. ஒரு பகுதியினர் மூன்று வருடம் உயர்தரம் போன்ற படிப்புக்குப் போகிறார்கள். முடித்தால் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, வகுப்பே ஒரு லொறியில் ஏறி, ஒவ்வொருவர் வீடாகப் போகும். எல்லா வீட்டு வாசலிலும் லொறி நிற்கும், பெற்றோர் சாப்பாடு கொடுப்பார்கள்.

மற்றப் பகுதியினர் தொழில் கற்கப் போகிறார்கள். மின்சார வேலை, தச்சு, சமையல், இயந்திரம் என்று பல. நமக்கு முக்கியமானது இதுதான், கவனமாகக் கேளுங்கள். முதலில் தொழிற்பாடசாலையில் அடிப்படைப் பயிற்சி. பிறகு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம். சில மாதம் வேலைத்தளம், சில வாரம் பாடசாலை என்று பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு மேல் மாறி மாறி நடக்கும். இந்தக் காலம் முழுவதும் பிள்ளைக்குச் சம்பளம் உண்டு. பாடசாலையில் உட்கார்ந்திருக்கும் வாரத்துக்கும் உண்டு! அந்தச் சம்பளம் எவ்வளவு என்பதைத் துரையோ முதலாளியோ தனியாகத் தீர்மானிப்பதில்லை. தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் கைச்சாத்திடும் கூட்டு ஒப்பந்தத்தில் அது எழுதப்படுகிறது. எந்தத் தொழிலுக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் குழுவிலும் இரு தரப்புக்கும் சரிசமமான ஆசனங்கள். பாடசாலை வாரங்களுக்கான செலவை ஈடுசெய்ய, எல்லா முதலாளிமாரும் பணம் கட்டும் ஒரு பொது நிதியம் இருக்கிறது. பயிலுநரை எடுக்காத முதலாளியும் கட்ட வேண்டும்.

கூட்டு ஒப்பந்தம் என்றால் நமக்கு நாட்சம்பளமும் கொழுந்தின் கிலோ கணக்கும்தான் ஞாபகம் வரும். அங்கே அதற்குள் படிக்கிற பிள்ளையும் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கும் அந்நாட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டுவதில்லை. அதோடு, 1970இல் வந்த சட்டப்படி அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. இது கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. பெற்றோரை விட்டுத் தனியே வாழும் மாணவருக்கு இப்போது மாதம் சுமார் 7,000 குரோனர், அதிலும் வரி கழியும். கொப்பன்ஹேகனில் அறை வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். ஆகவே பலர் கடையிலோ உணவகத்திலோ பகுதிநேர வேலை செய்கிறார்கள், வேண்டுமானால் கடனும் எடுக்கிறார்கள். ஆனாலும் தகப்பனின் சம்பளத்தை எதிர்பார்த்துப் படிக்க வேண்டிய நிலை இல்லை.

இந்தப் பணமெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. உலகிலேயே கூடிய வரி கட்டும் மக்களில் அவர்களும் அடங்குவர். படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணமும் மேலிருந்து மட்டும் வரவில்லை. 1844இல் ரோடிங் என்ற ஊரில் கமக்காரர் வீட்டு இளைஞர்களுக்காக, தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்றைத் திறந்தார்கள். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனை அது. அந்த வகைப் பாடசாலைகளில் பரீட்சையே கிடையாது. 1910இல் எஸ்பியர்க் துறைமுக நகரில் தொழிலாளருக்கென்றே அப்படி ஒன்று எழுந்தது.

குறையும் உண்டு. அங்கேயும் படித்தவர் வீட்டுப் பிள்ளைகள்தான் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதலாகப் போகிறார்கள். இலவசம் என்றாலும் அந்த இடைவெளி மூடவில்லை. 2013 ஏப்ரலில் ஆசிரியர்களின் வேலைநேரம் பற்றிய பேச்சு முறிந்தது. உள்ளூராட்சி சபைகள் கதவடைப்புச் செய்தன. ஏறக்குறைய நான்கு வாரம் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை. கடைசியில் பாராளுமன்றம் சட்டம் போட்டு முடித்தது. ஆசிரியர் சங்கம் கேட்டது அதில் அதிகம் கிடைக்கவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்கு இப்போது வருகிறேன். டென்மார்க்கில் அந்தக் காசைப் பாதி அரசாங்கமும் பாதி முதலாளிமாரும் தருகிறார்கள் என்று சொல்லலாம். நாம் யாரிடம், எதைக் கேட்பது என்று பேச வேண்டும். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் இதுவும் ஒரு விடயம். சாதாரணதரத்தோடு நின்ற பிள்ளைகளின் பெயர், வயது, இப்போது என்ன வேலை என்பதை ஒவ்வொரு டிவிசனிலும் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் பேச்சுவார்த்தை மேசைக்குப் போக முடியாது.