சம்பளமில்லாத வாத்தியார்கள்

(மதுரையில் கூடிய தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். முகம் சுளிக்கிறார்களே என்பதற்காகப் பேசாமலிருப்பதானால் நமது இயக்கம் தோன்றியிருக்கவே வேண்டியதில்லை. 1946-ல் இதே மதுரையில் நமது கருப்புச் சட்டை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்கள். பந்தல் எரிந்ததே ஒழிய, கொள்கை எரிந்து போய்விடவில்லை.

அமெரிக்காவில் 2001-ல் பாயிண்ட் பவுண்டேஷன் என்றொரு ஸ்தாபனம் ஏற்பட்டது. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பும் இயல்புள்ளவர்கள், திருநங்கையர், திருநம்பியர் ஆகிய மாணாக்கர்களில், படிப்போடு பொதுத் தொண்டிலும் முன்னிற்பவர்களைப் பொறுக்கி எடுத்து உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னபோது ஒரு தோழர், "மார்க்கு வாங்குகிறவனுக்குக் கொடுத்தால் நியாயம், கிளர்ச்சி செய்கிறவனுக்கு எதற்காகப் பணம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்தேன்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பணமில்லையே ஒழிய, வீடு அவன் பக்கம் இருக்கிறது. தாய் தாலியை அடகு வைத்தாவது பீசு கட்டுவாள். இந்தப் பிள்ளைகளின் கதி என்ன? உண்மையைச் சொன்ன அன்றைக்கே வீடு எதிரியாகிவிடுகிறது. பேய் பிடித்தது என்று பூசாரியிடம் இழுத்துப் போய் வேப்பிலையால் அடிக்கிறார்கள்; இல்லாவிட்டால் அவசர அவசரமாகக் கல்யாணம் பேசுகிறார்கள். அதற்கும் இணங்காவிட்டால் சோறு நிற்கும், காலேஜ் பீசு நிற்கும், ஹாஸ்டலுக்குப் பணம் வராது. கோயிலிலே ஆண்பாதி பெண்பாதி என்று சிலை நின்றால் கற்பூரம். வீட்டிலே பிள்ளை நின்றால் விளக்குமாறு! இதுதானே நமது பக்தியின் யோக்கியதை?

"இது மேல்நாட்டு நோய்" என்கிறார்கள் வைதீகர்கள். மேல்நாட்டுச் சரக்கு எது தெரியுமா? 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய பீனல் கோடு 377-வது பிரிவுதான்! வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

நமது ஊர்ச் சங்கதிக்கு வருவோம். மதுரையைச் சேர்ந்த 22 வயதும் 20 வயதும் உள்ள இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ விரும்பி, வீட்டாருக்கு அஞ்சிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். வீட்டார் போலீசில் பிராது கொடுத்தார்கள். வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் என்ன செய்தார்? இவ்விஷயத்தில் தமக்கே போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணரிடம் போய்க் கேட்டறிந்து வந்து, 2021 ஜூன் 7-ல் உத்தரவிட்டார். இவர்கள் இயல்பை மாற்றுகிறோம் என்று வைத்தியம் செய்யக்கூடாது, போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்வதுதான், தோழர்களே, பகுத்தறிவு!

நீதிபதிக்குப் பாடம் சொல்ல நிபுணர் கிடைத்தார். கலாசாலையில் கூடப் படிக்கும் ஐந்நூறு பேருக்குப் பாடம் சொல்வது யார்? அந்த மாணாக்கன்தான். பரிகாசத்தையும் வசவையும் வாங்கிக்கொண்டு, தன் வாழ்வையே பாடமாக வைத்துச் சொல்லுகிறான். நாம் அவனைக் கிளர்ச்சிக்காரன் என்கிறோம். உண்மையில் அவன் சம்பளமில்லாத வாத்தியார்.

அந்தப் பாடத்தால் என்ன பயன் என்பீர்கள். நமது அமெரிக்கன் கல்லூரியில் படித்த கோபி சங்கர், 2011-ல் மாணவத் தொண்டர்களைக் கொண்டு சிருஷ்டி மதுரை என்ற அமைப்பைத் தொடங்கினார். 2012-ல் இந்த ஊர் வீதியிலேயே வானவில் ஊர்வலம் நடந்தது. 2019 ஏப்ரல் 22-ல் ஐகோர்ட் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்கள், திருநங்கையும் மணப்பெண்ணே என்று தீர்ப்பளித்தார். ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறந்த குழந்தைகளை வலுவில் அறுத்து ஏதாவது ஒரு பாலாக்குவதையும் தடுக்கச் சொன்னார். அத்தீர்ப்பில் கோபி சங்கரின் பணியும் எடுத்துச் சொல்லப்பட்டது. அதே ஆகஸ்டில் சர்க்கார் அந்த அறுவைக்குத் தடை உத்தரவு போட்டது. மாணாக்கர் தொண்டு சட்டம் வரையில் போய்ச் சேர்ந்ததா இல்லையா?

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2008-ல் திருநங்கையர் நல வாரியம் வைத்தார்கள். உயர்படிப்புப் படிக்கும் திருநங்கை, திருநம்பியரின் பீசையும் விடுதிச் செலவையும் வாரியத்தின் மூலம் ஏற்பதாக 2024-ல் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் நான் முன்பு சொன்ன இரண்டு பெண்களைப் போன்ற மாணாக்கருக்கு அதில் இடமில்லையே!

ஆகவே அந்தக் காரியத்தை நாம் செய்ய வேண்டும். கிடா வெட்டுக்கும் காதுகுத்துக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும் ஊர் இது. வருஷத்திற்கு ஒரு கிடாவின் விலையை ஊருக்கு ஊர் ஒதுக்குங்கள். துணிந்து முன்வந்த மாணாக்கனுக்கு மேடை போட்டு, பேர் சொல்லிக் கொடுங்கள். பேர் வெளிவந்தால் உயிருக்கே ஆபத்து என்றிருக்கும் பிள்ளைக்கு, பேர் கேட்காமல் நேரே கல்லூரியில் பீசைக் கட்டுங்கள். முன்னது மரியாதை, பின்னது பாதுகாப்பு, இரண்டும் வேண்டும்.

இது தர்மமென்று எண்ணாதீர்கள். தர்மம் வாங்குகிறவன் தலை குனிவான். வாத்தியார் சம்பளம் வாங்கத் தலை குனிய வேண்டியதில்லை. நான் சொன்னதை வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை நாளைக்கு உங்களிடம் உண்மையைச் சொன்னால் கதவைச் சாத்துவீர்களா, திறப்பீர்களா என்பதிலிருந்து யோசனையைத் தொடங்குங்கள்.