நெய் சேர்த்து ஒடுங்கும் கடற்சிற்றுயிர்

(சடையங்குப்பத்தில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சடையங்குப்பத்தை அடுத்து ஒருபால் கொற்றலையாறு ஓடுகின்றது. மறுபால் பக்கிங்காம் கால்வாய் செல்கின்றது. இரண்டும் எண்ணூர்க் கழிமுகத்திற் கூடிக் கடலை அடைகின்றன. அக் கழிமுகத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் முகந்து வெயிலிற் பிடித்தால், துள்ளித் துள்ளி நகரும் வெண்டுகள் சில கண்ணுக்குத் தென்படும். தூசென்று கொட்டிவிடுவார் பலர். அவை தூசல்ல, உயிர்கள். நெத்திலிக்கும் கவலைக்கும் அவையே சோறு. அவை இல்லையேல் வலையும் இல்லை, வலைஞனும் இல்லை.

ஐரோப்பியர் இவ்வுயிர்த்தொகையைப் 'பிளாங்டன்' என்பர். 1887ஆம் ஆண்டில் விக்டர் என்சன் என்னும் செருமானிய அறிஞர் கிரேக்கத்தினின்று எடுத்தாக்கிய சொல் அது. அலைந்து திரிவது என்பது அதன் பொருள். செருமானியன் கிரேக்கனிடம் கடன் பெறுவது அறிவியலாம். தமிழன் தன் தாய்வீட்டிலிருந்தே எடுத்து 'மிதவையுயிரி' என்றால் அது விளங்காத சொல்லாம்! எழுத்தறியாத மீனவனுக்கும் விளங்கும் சொல் எது என்பதை இவ்வவையே தீர்க்கட்டும். அம் மிதவையுயிரிகளுள் பெருந்தொகையின 'கோப்பிபாடு' எனப்படுபவை. கோப்பி துடுப்பு, பாடு கால், ஆகவே துடுப்புக்காலி. கடலோரத்தானுக்குத் துடுப்பை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

வட அத்திலாந்தியப் பெருங்கடலில் ஒரு துடுப்புக்காலி உண்டு. அதற்குக் 'கலானசு பின்மார்க்கிகசு' என்று பெயர். நார்வே நாட்டுப் பேராயர் குன்னெரசு 1770ஆம் ஆண்டில் அதனை உலகிற்கு அறிவித்தார். அரிசிமணியினும் சிறியது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையது. எனினும் எரிங்கு மீன்கூட்டங்களும், பேருருவத் திமிங்கிலம் ஒன்றும் அதனை உண்டே வாழ்கின்றன. இளவேனிலில் கடற்பாசித் துகள்கள் பெருகுங்கால் அது வயிறு புடைக்க உண்ணும். உண்டதையெல்லாம் நெய்யாக்கி, உடலின் நடுவே நீண்டு கிடக்கும் பையொன்றில் சேர்க்கும். அந்நெய் விளக்கெண்ணெய் போன்றதன்று. மெழுகு வகையைச் சேர்ந்தது. நன்கு கொழுத்த உயிரில் நீர் நீக்கிய எடையின் பாதியும் அதற்கு மேலும் அம் மெழுகே.

முட்டையினின்று வெளிவந்த பின் பன்னிரண்டாம் படியிலேயே அது முழுவளர்ச்சி எய்தும். முழுவளர்ச்சிக்கு ஒரு படி முன்னர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, ஒளி புகாத ஆழத்திற்கு இறங்கிவிடும். ஐந்நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர், சில இடங்களில் அதனினும் மிகுதி. ஆங்கே உண்பதில்லை; குடற்சுவர் மெலிந்துவிடும்; மூச்சும் தணிந்துவிடும். சேர்த்த நெய்யைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு ஆறேழு திங்கள் கிடக்கும். அம் மெழுகுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆழத்தின் அழுத்தத்தில் மெழுகு நீரினும் மிகுதியாகச் சுருங்கும். ஆகலின் மேற்பரப்பில் மிதக்கச் செய்த அதே நெய் ஆழத்தில் மிதவாமலும் அமிழாமலும் நிற்கத் துணைசெய்யும். நீந்தும் உழைப்பு மிச்சம். குளிர் கழியுங்கால் உடல் முதிர்ந்து, மேலேறி வந்து முட்டையிடும். எஞ்சிய நெய் முட்டைகளுக்குப் போய்ச் சேரும். ஆழத்தில் எரிந்த நெய்யின் கரி அங்கேயே தங்கிவிடும். இவ்வாறு மேற்கடலிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் கரி சிறிதன்று என்பதை யோனாசுதோத்தர் என்னும் பெண்மணியாரும் அவர்தம் கூட்டாளிகளும் 2015இல் கணக்கிட்டுக் காட்டினர்.

இதனை ஆங்கிலத்தில் குளிர்கால உறக்கம் என எழுதுவார் உளர். அதனைப் பார்த்து அப்படியே மொழிபெயர்ப்பாரும் உளர். அது பிழை. அவ்வுயிர்களுட் பல சூலை, ஆகத்துத் திங்களிலேயே, வெயில் எரிக்கும்போதே இறங்கிவிடுகின்றன. அவை குளிருக்கு அஞ்சி உறங்குவன அல்ல. பஞ்சத்துக்கு முன்னரே ஒடுங்குவன. ஆமை ஒடுங்குவது போன்ற ஒடுக்கம் அது. ஆகவே 'ஒடுங்கல்' என்பதே பொருந்திய சொல்.

இச்சொல்லின் பொருத்தத்திற்குச் சான்று தொலைவில் இல்லை. இந்தியப் பெருங்கடல் என்று பிறர் வழங்கும் குமரிப் பெருங்கடலிலேயே உள்ளது. அதன் வெப்பப்பகுதி குளிர்காலம் என்பதையே அறியாதது. அதன் மேலைப்பகுதியில், சோமாலியக் கரையை ஒட்டிக் 'கலானாய்டசு' என்னும் இனம் வாழ்கின்றது. தென்மேற்குக் காற்று வீசிக் கரைநீரைத் தள்ளிவிட, அடியிலுள்ள குளிர்நீர் ஊட்டங்களோடு மேலெழும். அப்போது இவ்வினமும் மேலேறி, உண்டு, பெருகும். காற்று ஓய்ந்ததும் நெய் நிறைந்த குஞ்சுகள் ஆழத்திற்கு இறங்கி, அடுத்த ஆண்டுக் காற்று வரும்வரை ஒடுங்கிக் கிடக்கும். பனியும் இல்லை, குளிரும் இல்லை. காற்றே அங்குப் பருவம். கச்சான் எப்போது, கொண்டல் எப்போது, வாடை எப்போது என்று நாள் எண்ணி வாழும் தமிழ் மீனவனுக்கு இவ்வாழ்க்கை வியப்பன்று. 1960 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் இக்கடலில் அரித்தெடுத்த மிதவையுயிரிகளைக் கொச்சியில் வைத்தே வகைபிரித்தனர். அவற்றைப் பற்றிய நூல்களெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன. சென்னைக் கடலின் மிதவையுயிரிகளைப் பற்றி 1931ஆம் ஆண்டிலேயே மேனன் என்பவர் எழுதிய கட்டுரையும் ஆங்கிலமே. சென்னைக் கடலில் வலைவீசுவோன் அதனைப் படித்ததில்லை.

சரி, எண்ணூர்க் கடலில் நிலை என்ன? கரையோரம் ஆழம் குறைவு. ஒடுங்கப் போவதற்குக் குளிர்ந்த ஆழம் இல்லை. நீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாக இருப்பதால் இங்குள்ள துடுப்புக்காலிகள் ஓயாது உண்டு, ஓயாது பெருகுகின்றன. சில கிழமைகளிலேயே ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஆகவே பெருநெய்ப் பை அவற்றிற்கு இல்லை. சிறு துளிகளாகச் சிறிது கொழுப்பு உண்டு. சில நாள் பட்டினிக்கு அது போதும், அதற்கு மேல் தாங்காது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குப்பத்துக் குடும்பத்தின் நிலை எதுவோ அதுவே அவற்றின் நிலையும்.

அத்தகைய நீரில்தான் கல்லெண்ணெய் கலந்தது. 2017ஆம் ஆண்டு சனவரி 28இல் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கருநெய் கரையெங்கும் ஒதுங்கிற்று. இளைஞர்கள் வாளிகொண்டு அள்ளினர். 2023 திசம்பரில் புயல்வெள்ளம் வடியுமுன்னே மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கால்வாய் வழியாகக் கொற்றலையாற்றில் இறங்கிக் கழிமுகத்தை மூடிற்று. படகும் வலையும் கறுத்தன. பிடித்த மீனை வாங்குவார் இல்லை. அள்ளிய எண்ணெய்க்குக் கணக்குண்டு. அள்ளப்படாமல் நீரிற் கலந்ததற்குக் கணக்கு எங்கே?

நெய் நெய்யோடு சேரும் என்பது அடுக்களை அறிந்த செய்தி. கல்லெண்ணெயின் நச்சுக்கூறுகள் நீரில் அரிதாகவே கரையும். கொழுப்பில் எளிதில் கரையும். ஆகவே அவை துடுப்புக்காலியின் கொழுப்பிற் புகுந்து தங்குகின்றன. அன்றியும், நுண்ணிய எண்ணெய்த் துளிகளை அவை இரையென எண்ணி விழுங்குவதும் உண்டு. 1970இல் கனடா நாட்டுக் கரையில் 'ஆரோ' என்னும் எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது, துடுப்புக்காலிகள் எண்ணெய்த் துளிகளை விழுங்கி எச்சமாகக் கழித்ததையும், அவ்வெச்சம் அடியில் படிந்ததையும் ஆய்வாளர் கண்டனர். நீரில் மிதந்தது சேற்றுக்குப் போயிற்று, அவ்வளவே.

அச் சேற்றைத்தான் கருத வேண்டும். துடுப்புக்காலிகளுட் சில இனங்கள் தாம் ஒடுங்குவதில்லை. முட்டைகளை ஒடுங்க விடுகின்றன. தடித்த ஓடுடைய அம் முட்டைகள் அடிச்சேற்றில் புதைந்து, நீரின் தன்மை மாறி நற்பருவம் வரும்வரை திங்கட்கணக்கில் உயிரோடு கிடக்கும். குப்பத்துப் பெண்டிர் விதைநெல்லைக் குதிரிற் காப்பது போன்றது அது. எண்ணூர்க் கழியின் சேறோ அனல்மின் நிலையங்களின் சாம்பலை ஆண்டுகள் பலவாக உண்டது; 2023க்குப் பின் எண்ணெயையும் உண்டது. மேலே நீர் தெளிந்துவிட்டது, இனி மீன் பிடிக்கலாம் என்று கரையில் நிற்பவர் கூறலாம். இறால் தடவக் கழிச்சேற்றில் இறங்கும் பெண்கள் காலை எடுத்தால், அடியிலிருந்து இன்னும் எண்ணெய்க் கீற்று எழுகிறதா என்பதை அவர்களிடம் கேட்டபின் அது கூறப்படட்டும்.