மருந்து என்றால் எது? இதயத்திற்கு இயற்கைப் பொருள்களும் அன்றாடப் பழக்கங்களும்

(மூத்த குடியிருப்பாளர்களுக்கான சுகாதாரச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, மொழிபெயர்ப்பாளர். மருத்துவர்களும் மருந்தாளர்களும் ஆங்கிலத்தில் எழுதும் கையேடுகளையும் மருந்துக் குறிப்புகளையும் உங்களுக்காகத் தமிழில் எழுதுவது என் வேலை. சில நேரம் மருத்துவர் அறையில் உட்கார்ந்து, அவர் கேட்பதைத் தமிழிலும் நீங்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வேன். அந்த அறையில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு சிக்கலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மருத்துவர் கேட்பார், "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" நான் தமிழில் கேட்பேன். பதில் உடனே வரும்: "இல்லம்மா, இங்க கொடுக்கிற மாத்திரை மட்டும்தான்." பக்கத்தில் இருக்கும் மகளோ மருமகளோ மெதுவாகச் சொல்வார்: "காலையில பூண்டு மாத்திரை போடுறாங்க. ஊர்லேர்ந்து மருதம்பட்டைத் தூள் வாங்கிட்டு வந்தாங்க. இருமலுக்கு அதிமதுரம் தினமும் குடிக்கிறாங்க." அம்மா பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை மருந்து என்பது மருந்தகத்தில் பெயர் எழுதி, ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுப்பது. பூண்டு சாப்பாட்டுப் பொருள். அதிமதுரம் கைமருந்து. மருதம்பட்டை இயற்கை. மருத்துவரோ, உடம்புக்குள் போய் வேலை செய்யும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார். ஒரே சொல்லுக்கு இரண்டு பேர் மனத்தில் இரண்டு பொருள். இந்த இடைவெளியில் சிலருக்கு உண்மையிலேயே ஆபத்து வந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இதயநோயோ பக்கவாதமோ காரணம். பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. நம் இந்திய சமூகத்தில் நீரிழிவும் அதிகம், மாரடைப்பும் அதிகம். அதனால் இதயத்துக்கு நல்லது என்று யாராவது ஒரு புட்டியைக் காட்டினால் நாம் வாங்கத் தயாராக இருக்கிறோம். அந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புட்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏறக்குறைய 190 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவஸ்டாட்டின் மாத்திரை, குறைந்த அளவில், 5 மில்லிகிராம். மற்றப் பிரிவினருக்கு மீன் எண்ணெய், பூண்டு, இலவங்கப்பட்டை, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறில் ஒன்று. இன்னொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 28 நாளுக்குப் பிறகு பார்த்தால், ரோசுவஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாக 38 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ஆறில் எதுவும் வெறும் மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடியே இருந்தது. 28 நாள் குறுகிய காலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புட்டி விற்பவர்கள் ஒரே மாதத்தில் பலன் என்றுதானே சொல்கிறார்கள்?

மீன் எண்ணெயைப் பற்றி இன்னும் பெரிய ஆய்வு உண்டு. 25,871 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். தினம் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடுகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவர் எழுதிக் கொடுத்து எடுப்பவர்கள் தொடரலாம். பேரப்பிள்ளை வாங்கிக் கொடுத்தார் என்று எடுப்பவர்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒமேகா-3 வேண்டுமென்றால் ஈரச்சந்தையில் கானாங்கெளுத்தியும் மத்தியும் கிடைக்கின்றன. வாரத்தில் இரண்டு முறை மீன், அதுவும் பொரிக்காமல் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ சாப்பிட்டால் போதும். கருவாடு இந்தக் கணக்கில் சேராது. ஏன் என்று உப்பைப் பற்றிப் பேசும்போது புரியும்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மாத்திரை எதுவும் எடுக்காத ஒருவருக்குக் கெடுதல் இல்லாத பொருள், மாத்திரை எடுக்கும் ஒருவருக்குக் கெடுதலாக முடியும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். பூண்டு, மஞ்சள், கிங்கோ, மீன் எண்ணெய் ஆகியவற்றை மாத்திரையாகச் செறிவான அளவில் சேர்த்துக்கொண்டால் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடலாம். ரசத்தில் தட்டிப் போடும் நான்கு பல் பூண்டுக்கும் குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்கும் பயப்பட வேண்டாம். நான் சொல்வது புட்டியில் வரும் பூண்டைப் பற்றி. பல் பிடுங்கப் போனாலும் அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் இவற்றை எடுப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அதிமதுரம் எப்போதாவது தொண்டைக்குக் குடிப்பது வேறு. மாதக்கணக்கில் தினமும் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். அழுத்தத்துக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டு அதிமதுரமும் குடித்தால், ஒரு கையால் கதவைச் சாத்திக்கொண்டே மறு கையால் திறப்பது போல. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். ஏன் கட்டுப்படவில்லை என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நீர் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனாக்கோலின் கே என்ற பொருளும், லோவஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையில் இருக்கும் பொருளும் ஒன்றேதான். ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் இயற்கை என்று எடுத்தால், ஒரே வகை மருந்தை இருமுறை எடுக்கிறார். தசைவலியும் தசைப் பாதிப்பும் வரலாம். புட்டிக்குப் புட்டி அதன் அளவும் மாறும். கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் அப்படித்தான். சிம்வஸ்டாட்டின், அட்டோர்வஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு அது ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். பம்பளிமாஸும் அதே குடும்பம். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்தால் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மருதம்பட்டையைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நம் நாட்டு மருத்துவத்தில் இதயத்துக்கென்றே நெடுங்காலமாகச் சொல்லப்படும் பட்டை அது. ஆய்வுகளும் நடந்திருக்கின்றன, ஆனால் அவை சிறியவை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதை எடுக்கலாம் என்று சொல்வதற்கு அவை போதாது. எந்தக் கடையில், யார் அரைத்த தூள் என்பது இன்னொரு கேள்வி. இந்தியாவிலிருந்து வரும் சில மருந்துப் பொருள்களில் ஈயமும் பாதரசமும் அளவுக்கு மீறி இருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. இங்கே கடைகளில் விற்கும் ஊட்டச்சத்து மாத்திரைகள்கூட, விற்பனைக்கு வருமுன் மருந்துகளைப் போல அரசாங்கத்தின் ஒப்புதல் பெற வேண்டியவை அல்ல. அலமாரியில் இருப்பதாலேயே யாரோ சோதித்துப் பலன் தரும் என்று சான்றளித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் சப்ளிமெண்ட் என்பதை நாங்கள் துணை உணவு என்று எழுதுகிறோம். துணைக்கு வருபவர் கூடத்தான் வர வேண்டும், உங்களை வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் போகக்கூடாது.

இனி, உண்மையிலேயே வேலை செய்யும் இயற்கை வழிகளுக்கு வருகிறேன். இவற்றைப் புட்டியில் அடைத்து விற்க முடியாததால் யாரும் இவற்றுக்கு விளம்பரம் போடுவதில்லை.

முதலாவது உப்பு. ஒரு நாளுக்குச் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அது ஒரு தேக்கரண்டி உப்பு. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூரர் ஒருவர் சராசரியாக 3,620 மில்லிகிராம் எடுக்கிறார். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் சோற்றில் உப்பே போடுவதில்லை" என்பார்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், சாம்பார்ப் பொட்டலம், மீ கோரேங், புரோட்டாவுடன் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக் குடிக்கும் குழம்பு, இவற்றில் எல்லாம் உப்பு ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முடியாது. விடச் சொன்னால் நீங்கள் என் பேச்சையும் கேட்க மாட்டீர்கள். குழம்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், குடிக்காதீர்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒரே வேளையில் வைத்துக்கொள்ளாதீர்கள். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை இவை இருக்க நம் சமையலுக்கு உப்புக் குறைந்தால் பெரிய நட்டம் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

சோடியம் குறைந்த உப்பு இப்போது பேரங்காடிகளில் கிடைக்கிறது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், இந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. அதன் முடிவு 2021ல் வெளிவந்தது. நல்ல பொருள்தான், ஆனால் எல்லாருக்கும் அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், எனலாப்ரில், லொசார்ட்டன் போன்ற அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது.

கொழுப்புக்கு ஓட்ஸும் இசப்கோலும் ஓரளவு உதவும் என்பது நன்றாக நிறுவப்பட்டது. அவற்றிலுள்ள நார்ச்சத்து குடலில் கொழுப்பைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. ஓட்ஸில் கஞ்சி மட்டுமல்ல, உப்புமாவும் செய்யலாம், தோசை மாவிலும் அரைத்துச் சேர்க்கலாம். இசப்கோலை நிறையத் தண்ணீரோடு, மாத்திரை போடும் நேரத்திலிருந்து தள்ளிக் குடியுங்கள். தேங்காய்ப்பாலும் நெய்யும் விருந்து நாளுக்கு. காப்பிக்கடையில் காப்பி ஓ கொசோங் கேட்டால் கெட்டிப்பாலும் சீனியும் இல்லாமல் கிடைக்கும். அது கசக்கிறது என்றால் சியூ டாயிலிருந்து தொடங்குங்கள்.

நடையைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். முழங்கால் வலிப்பவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். புகைப்பவர்கள் அதை நிறுத்தினால் கிடைக்கும் பலனுக்கு எந்தப் புட்டியும் ஈடாகாது.

இன்னும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ரத்தக்கொதிப்பு. நம் பெரியவர்கள் எல்லாரும் பயன்படுத்தும் சொல். ஆனால் அது நம்மை ஏமாற்றிவிடுகிறது. கொதிப்பு என்றால் சூடு தெரியும், தலை சுற்றும், கோபம் வரும் என்று நினைக்கிறோம். ஒன்றும் தெரியாத நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தத்தில் எந்த அறிகுறியும் இருப்பதில்லை. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும். வீட்டில் அளப்பவர்கள் முதலில் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில், கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல். அரைமணி நேரத்துக்கு முன்பு காப்பி வேண்டாம். அளக்கும்போது பேச்சும் வேண்டாம். எண்ணைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய்வு என்ற சொல்லும் அப்படித்தான். நெஞ்சில் பாரம், அழுத்தம், கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், இவை வந்தால் ஓமத்தண்ணீர் வைக்காதீர்கள். 995ஐ அழையுங்கள். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்சி பிடித்தும் போகாதீர்கள், அவசர மருத்துவ வாகனத்தில் சிகிச்சை வழியிலேயே தொடங்கிவிடும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம்.

கடைசியாக ஒரு வேலை. 40 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். அடுத்த முறை அவரையோ பலதுறை மருந்தகத்தையோ பார்க்கப் போகும்போது, வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாத்திரை, புட்டி, தூள், தைலம், ஊரிலிருந்து வந்த பொட்டலம், பிள்ளைகள் இணையத்தில் வாங்கிக் கொடுத்தது, எல்லாமே. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பொட்டலத்தையே காட்டலாம். மருத்துவர் திட்டுவாரோ என்று சிலர் மறைக்கிறார்கள். தெரியாமல் மருந்து எழுதுவதைவிட, தெரிந்துகொண்டு எழுதவே அவர் விரும்புவார். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் முகப்பில் கேளுங்கள்.

பின்னால் உள்ள மேசையில் தாதி ரத்த அழுத்தம் அளக்கக் காத்திருக்கிறார். மருந்தாளரும் இங்கே இருக்கிறார். இன்று யாராவது கைப்பையில் ஏதாவது புட்டி வைத்திருந்தால், தயங்காமல் அவரிடம் காட்டுங்கள். வரிசையில் முதலில் யார் வருகிறீர்கள்?