கட்டிலருகே நிற்போம்



தீரா நோயாளியைக் கண்டு, "போய்ச் சேர்ந்தால் நிம்மதி" என்கிறோம். நோயில்பூசுதல் கொடுக்கப் போன இடத்தில் குருவான நாமும் அப்படி நினைத்ததுண்டு. அது யாருடைய நிம்மதி?

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக், 1973-ல் அங்கேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி, சாக விடும்படி ஓர் எழுத்தாளர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். உடன் பணிசெய்த செவிலியரோ, தாங்களே கவனித்துக்கொள்வதாகச் சொல்லி மறுத்தனர். 2011 மார்ச் 7-ல் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளி, படுக்கைப் புண் வராமல் காத்த அவர்களைப் பாராட்டியது. 2015 மே 18-ல் அருணா இறக்கும்வரை அவர்கள் கைவிடவில்லை.

பயனற்ற, பெருஞ்சுமையான மருத்துவத்தை நிறுத்துவது கொலையன்று. 1980-ல் திருச்சபை வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக்கியது. நோவைத் தணிப்பதும் கடமையே. உயிரைப் பறிப்பதும், தனியே விட்டுவிடுவதுமே தவறு.

நோயாளியை டோலி கட்டிச் சுமந்து இறங்கிய தோள்கள் நம் ஜவ்வாது மலைத் தோள்கள். நோய் தீராதென்று தெரிந்த பின்னும் அவை விலகலாமா? மரியாயின் சேனையாரோடு நாமும் முறைவைத்துக் கண்விழிப்போம். அந்த வீட்டார் ஓர் இரவாவது உறங்கட்டும்.