கடலில் வீசப்பட்டவர்களின் இசை: ட்ரெக்சியாவை எப்படிக் கேட்பது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'இசையில் மறைந்திருக்கும் அரசியல்'. அதில் 'மறைந்திருக்கும்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்காக ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். 1997இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்திலிருந்து வெளியான 'தி குவெஸ்ட்'. செய்தவர்கள் ட்ரெக்சியா என்ற குழுவினர்.

ஆராய்ச்சி மாணவர் விடுதியில் ஒரு சீனியர் கொடுத்த பென் டிரைவில்தான் இந்த இசை எனக்குக் கிடைத்தது. வெறும் எம்பி3 கோப்புகள். அட்டைப்படம் கிடையாது, குறிப்பு கிடையாது. டிரம் மெஷினின் வேகமான அடி. அதன்மேல் நீர்க்குமிழி வெடிப்பது போன்ற சிந்தசைசர் ஒலி. எங்கேயோ ஓரிடத்தில் ஒரு மனிதக் குரல் அறிவிப்பு செய்துவிட்டுப் போகும். ஒரு வருடத்துக்கும் மேலாக, ராத்திரியில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் இதை ஓடவிட்டிருந்தேன். தூக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் நல்ல இசை. அவ்வளவுதான் அது எனக்கு.

பிறகு ஒருநாள் அந்த ஆல்பத்தின் உறையில் அச்சிடப்பட்டிருந்த குறிப்பைப் பார்த்தேன். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அறியப்படாத எழுத்தாளர்' என்று இருந்தது. குறிப்பு சொல்வது இதுதான்: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட கர்ப்பிணிப் பெண்கள் நடுக்கடலில் வீசப்பட்டார்கள். தாயின் வயிற்றில் இருக்கும் சிசு நீரில்தான் உயிர் வாழ்கிறது. அப்படியானால் அந்தப் பெண்களுக்குக் கடலிலேயே குழந்தைகள் பிறந்திருக்க முடியாதா? காற்றே தேவைப்படாமல் அந்தக் குழந்தைகள் நீருக்குள் மூச்சுவிட்டு வளர்ந்திருக்க முடியாதா? அவர்களின் வம்சம்தான் ட்ரெக்சியர்கள். கடலுக்கடியில் அவர்களுக்கு நகரங்கள் உண்டு, அறிவியல் உண்டு, படை உண்டு.

நான் தூக்கத்தை விரட்டப் பயன்படுத்திய ஒலி இதுதான்.

கடலில் வீசியது கற்பனை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1781ஆம் ஆண்டின் இறுதியில் 'ஸாங்' என்ற பிரிட்டிஷ் அடிமைக் கப்பலில் இருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை சில நாட்களுக்குள் உயிரோடு கடலில் தள்ளினார்கள். குடிநீர் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். கரை சேர்ந்ததும் கப்பல் முதலாளிகள், நட்டமான 'சரக்கு'க்குத் தலைக்கு 30 பவுண்டு வீதம் காப்பீடு கேட்டார்கள். 1783இல் லண்டனில் வழக்கு நடந்தது. அது கொலை வழக்கு இல்லை, காப்பீட்டு வழக்கு. கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் சுமார் 18 லட்சம் பேர் மறுகரையைப் பார்க்கவே இல்லை.

இப்போது அந்த இசைக்காரர்களிடம் வருவோம். ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டொனால்ட் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள். 1992இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. முகத்தைக் காட்டாமல் வேலை செய்தார்கள். பல ஆண்டுகள் வரை யார் இவர்கள் என்றே பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. 2002 செப்டம்பரில் ஸ்டின்சன் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை.

முகமும் இல்லை, பாட்டு வரியும் இல்லை என்றால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? துப்பறிவார்கள். ட்ரெக்சியாவின் ரசிகர்கள் அதில் கில்லாடிகள். கடைசி நாட்களில் ஏழு 'புயல்'களாக ஏழு ஆல்பங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. அவற்றில் பல வேறு வேறு புனைபெயர்களில் வந்தன. எந்தெந்த ஏழு என்று இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. 'பபுள் மெட்ரோபொலிஸ்' என்ற 1993ஆம் ஆண்டு இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு 'நன்னீர்' என்றும் மறுபக்கத்துக்கு 'உப்புநீர்' என்றும் பெயர். ஏன் என்று பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். நானும் இப்படி எத்தனையோ இரவுகளை வீணாக்கியிருக்கிறேன். வீணாக்கியிருக்கிறேன் என்று சொல்லக்கூடாது, அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 'தி குவெஸ்ட்' உறையில் அந்தக் குறிப்போடு நான்கு வரைபடங்களும் இருந்தன. முதலாவது, 1655 முதல் 1867 வரையிலான அடிமை வணிகம். இரண்டாவது, 1930களிலும் 1940களிலும் கிராமப்புறக் கறுப்பின மக்கள் வடக்கே உள்ள நகரங்களுக்கு இடம்பெயர்ந்த பாதை. மூன்றாவது, 1988இல் டெக்னோ இசை டெட்ராய்டை விட்டு உலகமெங்கும் பரவியது. நான்காவது, வீடு திரும்பும் பயணம். அதற்கு வருடம் போடவில்லை, எதிர்காலம் என்று மட்டும் இருக்கிறது.

இதைவிட வெளிப்படையாக ஓர் இசைக்குழு எப்படிப் பேச முடியும்? ஆண்டு போட்டு, அம்புக்குறி போட்டு, வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் இதை 'மர்மம்', 'புதிர்', 'மறைபொருள்' என்றே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கடல், அறிவியல் புனைவு, வினோதமான பெயர்கள், எல்லாவற்றையும் ரசிப்பார்கள். கப்பலிலிருந்து வீசப்பட்ட பெண்ணிடம் வரும்போது மட்டும் 'சுவாரசியமான பின்கதை' என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஒளித்து வைக்கப்பட்டது வேறு, பார்க்க மனமில்லாமல் கடந்துபோனது வேறு. இரண்டாவதற்கு முதலாவதன் பெயரை வைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது.

தாக்கங்களைத் தேடும் விவாதத்திலும் இதேதான் நடக்கிறது. ட்ரெக்சியாவைக் கேட்டவுடன் பலருக்கு ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு நினைவுக்கு வரும். அந்தத் தாக்கம் உண்மைதான். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டால், இயந்திரமும் எதிர்காலமும் ஐரோப்பாவின் சொத்து, கறுப்பர்கள் அதை இரவல் வாங்கினார்கள் என்று ஆகிவிடுகிறது. 1978இலேயே ஜார்ஜ் கிளின்டனின் பார்லமென்ட் குழு 'மோட்டார் பூட்டி அஃபேர்' என்று ஓர் ஆல்பம் முழுவதையும் கடலுக்கடியில் நடக்கும் கொண்டாட்டமாகச் செய்திருக்கிறது. அதே குழு விண்கலத்தையே மேடையில் இறக்கியிருக்கிறது. டெட்ராய்டில் டெக்னோ தொடங்கிய காலத்து 'சைபோட்ரான்' குழுவில் ஹுவான் அட்கின்ஸோடு இருந்த ரிக் டேவிஸ், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய முன்னாள் ராணுவ வீரர். எதிர்காலத்தைக் கற்பனை செய்ய இவர்களுக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த நகரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்து கார் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள். 1967இல் காவல்துறைக்கு எதிராக வெடித்த எழுச்சியில் 43 பேர் இறந்தார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2000இல் பத்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆலையில் அப்பாவின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட ஊரில், பிள்ளைகள் இயந்திரத்தை வைத்து இசை செய்தார்கள். டெட்ராய்ட் ஆற்றின் நன்னீரிலிருந்து அட்லாண்டிக்கின் உப்புநீர் வரை ஒரே நீர்வழிதான். அந்த இசைத்தட்டின் இரண்டு பக்கங்களை நான் அப்படித்தான் படிக்கிறேன். வேறு வாசிப்பு இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம்.

இதுவரை பேசியது மற்றவர்களின் பிழை. இனி நம்முடைய பிழை.

அந்தக் குறிப்பைப் படித்த பிறகு சில மாதங்கள் எனக்கு இந்த இசை முழுக்க ஒப்பாரியாகவே கேட்டது. ஒவ்வொரு குமிழியும் மூழ்குகிறவரின் கடைசி மூச்சு. நண்பர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தோழி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எனக்கு ஆடத்தான் தோணுது. அவங்களும் ஆடறதுக்குத்தானே செஞ்சிருப்பாங்க?" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தக் கதையில் ட்ரெக்சியர்கள் செத்தவர்கள் இல்லை. அலைமேல் தாவும் வீரர்கள், பொறியாளர்கள், ஊர் கட்டியவர்கள். கொன்றவன் கணக்கில் நட்டமான சரக்கு. இவர்களின் இசையில் அவர்கள் ஒரு நாட்டின் குடிமக்கள். நான் அந்த நாட்டைத் தவறவிட்டுவிட்டு, மறுபடியும் கப்பலுக்கே போய் நின்றுகொண்டிருந்தேன்.

முற்போக்கானவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம்மிடம் இந்தப் பழக்கம் உண்டு. ஒடுக்கப்பட்டவரின் கலை என்றால் அது வலியின் வாக்குமூலமாக இருந்தாக வேண்டும். ஒரு தலித் எழுத்தாளர் தன்வரலாறு எழுதினால் கூட்டம் போட்டுக் கொண்டாடுகிறோம். அவரே விண்வெளிக் கதையோ துப்பறியும் கதையோ எழுதினால், 'இதில் உங்கள் வாழ்க்கை எங்கே?' என்று கேட்கிறோம். கற்பனை செய்யும் உரிமை மற்றவர்களுக்கு, சாட்சி சொல்லும் கடமை இவர்களுக்கு. இதுவும் ஒரு வேலைப் பிரிவினைதானே? 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவில் வலியைப் பகிர்ந்துகொண்டதோடு, வேறு மாதிரியான எதிர்காலத்தைக் கனவு காணும் துணிச்சலையும் பகிர்ந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கானா வம்சாவளியைச் சேர்ந்த லண்டன் எழுத்தாளர் கோட்வோ எஷுன், 1998இல் எழுதிய புத்தகத்தில் ட்ரெக்சியாவைப் பற்றிப் பேசுகிறார். ஒலி, தலைப்பு, உறை, குறிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு புனைவாக இயங்குகின்றன என்பது அவர் வாதம். ஒலிப் புனைவு என்று சொல்லலாம். எனக்குப் பென் டிரைவில் கிடைத்தது அந்தப் புனைவில் பாதிதான். மறுபாதி உறையோடு போய்விட்டது. இன்றைக்குச் செயலியில் கேட்கிற உங்களில் பலருக்கும் அந்தப் பாதிதான் கிடைக்கிறது. இசை எல்லா எல்லையையும் தாண்டும் என்கிறோம். தாண்டும்போது எதைக் கரையில் விட்டுவிட்டு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ரசிகர்களைக் குறைசொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் இந்தக் கதையை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பதும் ரசிகர்கள்தான். எலன் கேலகர் என்ற ஓவியர் 2001 முதல் கடலடி உயிர்களாக அந்தப் பெண்களையும் குழந்தைகளையும் வரைந்துவருகிறார். 2017இல் 'கிளிப்பிங்' என்ற ராப் குழு இந்தக் கதையை வைத்து 'தி டீப்' என்று ஒரு பாட்டு செய்தது. அதிலிருந்து 2019இல் ரிவர்ஸ் சாலமன் அதே பெயரில் ஒரு நாவல் எழுதினார். ட்ரெக்சியாவின் ஆல்பங்களுக்கு அட்டை வரைந்த அப்துல் காதிம் ஹக் ட்ரெக்சியர்களின் கதையைச் சித்திரக் கதையாக்கினார். இவர்கள் யாரும் புதிரை விடுவிக்கவில்லை. அந்தக் குறிப்பு ஒரு கேள்வியைக் கேட்டது: அந்தக் குழந்தைகள் பிழைத்திருந்தால்? அந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். நல்ல ரசிகர் என்று நான் நினைப்பது இவர்களைத்தான்.

ஆக, ஒரு ஆல்பத்தில் என்ன மறைந்திருக்கிறது என்று தேடுங்கள். தேடுவது இன்பம். ஆனால் தேடத் தொடங்கும் முன், வெளியே எழுதி வைத்திருப்பதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். படித்த பிறகு அழுதுகொண்டே உட்கார்ந்துவிடாமல், எழுந்து ஆடவும் செய்யுங்கள்.

இன்னும் சற்று நேரத்தில் இந்த ஆல்பத்திலிருந்து சிலவற்றை ஒலிக்கவிடப் போகிறோம். நான்கு வரைபடங்களையும் நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று. பென் டிரைவில் இசையை வாங்கிக்கொள்பவர்கள் தாளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் யாருக்காவது கொடுக்கும்போதும் சேர்த்தே கொடுங்கள்.