பழைய கருவியை மாற்றலாமா?

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசை பேசுவதும் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, வானில் பறக்கும் சிறு மாதிரி விமானங்களைத் தரையிலிருந்து இயக்கும் வானொலிக் கட்டுப்பாட்டுக் கருவி. இதற்கும் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கக்கூடும். நம் இளைஞர் பகுதியின் அலமாரியில் பழைய கருவிகள் மூன்று இருக்கின்றன. அவற்றை மாற்றப் பணம் ஒதுக்குவதா, வேண்டாமா என்பதைச் செயற்குழு விரைவில் முடிவு செய்ய வேண்டும். பணம் நம் அனைவருடையது. ஞாயிறு காலையில் மைதானத்தின் ஓரத்தில் அண்ணாந்து நிற்கும் குழந்தைகளும் நம்முடையவர்களே. ஆகவே, குடும்பங்கள் அனைத்தும் செய்தியை அறிந்து முடிவு காண்பதே முறை.

கம்பியின்றி ஓர் ஊர்தியைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக்கொண்டு செய்து காட்டினார். 1930-களின் பிற்பகுதியில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டையர் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை வானொலியால் இயக்கிப் புகழ்பெற்றனர். தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் ஒரே பொத்தான்தான். ஒருமுறை அழுத்தினால் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். மறுமுறை அழுத்தினால் மறுபக்கம் திரும்பும். சுக்கானைத் திருப்பும் விசையோ முறுக்கிய ரப்பர் நாடாவிலிருந்து வந்தது! பின்னர் 1960-களில், கைப்பிடியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கானும் நகரும் முறை பரவிற்று. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் 'இருப்பதை வைத்துக்கொள்வதா, புதியதை வாங்குவதா' என்ற வினா எழுந்திருக்கும். இன்று நம் முன் நிற்பதும் அதே வினாதான்.

நம்மிடம் உள்ளவை 72 மெகாஹெர்ட்ஸ் வரிசையைச் சேர்ந்தவை. அமெரிக்க நாட்டில் மாதிரி விமானங்களுக்கென அந்த வரிசையில் 50 தடங்கள், 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், வகுக்கப்பட்டன. டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் உள்ள கிரிஸ்டல் என்னும் சிறு துண்டு இன்ன தடம் என்று நிலைநிறுத்தும். ஒரே தடத்தில் இருவர் ஒரே நேரத்தில் கருவியை இயக்கினால், மேலே பறக்கும் விமானம் யார் சொல்லைக் கேட்பது என்றறியாமல் நிலைதடுமாறி விழும். இதைத் தவிர்க்கவே பறக்கும் களங்களில் தட எண்கள் எழுதிய பலகையும், அதில் மாட்டும் கிளிப்புகளும் இருந்தன. தன் தடத்துக் கிளிப்பைக் கையில் எடுத்தவரே கருவியை இயக்கலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும். எளிய முறை, ஆயினும் பல விமானங்களைக் காத்த முறை.

புதிய கருவிகள் 2,400 மெகாஹெர்ட்ஸ் வரிசையைச் சார்ந்தவை. மாதிரி விமானங்களில் இவை 2000-களின் நடுப்பகுதியிலிருந்து பரவின. இவற்றில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனக்கே உரிய அடையாளக் குறியீடு உண்டு. ரிசீவரை அதனுடன் ஒருமுறை இணைத்துவிட்டால், அது தன் டிரான்ஸ்மிட்டரின் சொல்லை மட்டுமே கேட்கும். அலையும் ஒரே தடத்தில் நில்லாமல் பல தடங்களில் தாவியும் பரவியும் செல்லும். ஆகவே பலர் அருகருகே நின்று பறக்கவிடலாம். பலகையும் கிளிப்பும் வேண்டா. 72 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்குச் சற்று மிகுதி. ஆதலால் ரிசீவரிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் நீளக் கம்பி வெளியே தொங்கும். புதியதற்கோ 3 சென்டிமீட்டர் கம்பி போதும்.

புதியதில் குறையே இல்லையா? உண்டு. சிற்றலை ஆதலால் ஈரமரங்களும் மனித உடலும் கார்பன் இழைப் பாகங்களும் அதை எளிதில் மறைக்கும். பாட்டரியின் அழுத்தம் ஒரு நொடி தாழ்ந்தாலும் சில ரிசீவர்கள் மயங்கி நின்று, மீண்டும் விழித்தெழும். அந்த இடைவெளியில் விமானம் ஆளற்ற ஊர்தியாகும். ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரும் மற்றொன்றின் ரிசீவரும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசா. எனவே, 'புதியது வாங்கினோம். இனிக் கவலையில்லை' என்று இருந்துவிட முடியாது.

நம் சங்கத்தில் இதுபற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. பெரியவர்கள் சொல்வது: "இருபத்தைந்து ஆண்டாக உழைக்கும் கருவி; ஒருநாளும் ஏமாற்றியதில்லை. மேலும், எல்லோரும் புதிய வரிசைக்குப் போய்விட்டார்கள். பழைய தடங்கள் இப்போது வெறிச்சோடிக் கிடக்கின்றன. முன்னைவிட அதுவே பாதுகாப்பு அல்லவா?" இளைஞர்கள் சொல்வது: "பழையதையெல்லாம் தூக்கிப் போடுங்கள், முழுவதும் புதியதாக வாங்குங்கள்." இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் முழு உண்மையல்ல.

தடங்கள் வெறிச்சோடின என்பது மெய்தான். ஆனால் தடங்களோடு அந்தப் பலகையும் கிளிப்பும் போய்விட்டன. ஒருவரையொருவர் கேட்டுவிட்டுக் கருவியை இயக்கும் பழக்கமும் போய்விட்டது. வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் பெட்டியை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து சும்மா அழுத்திப் பார்க்கும் சிறுவன், மைதானத்தில் அதே தடத்தில் ஒரு விமானம் பறக்கிறது என்பதை எப்படி அறிவான்? காவலர் போய்விட்ட வீதியில் கூட்டம் குறைந்துவிட்டது என்று கதவைத் திறந்துபோட்டு உறங்கலாமா?

விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணிவிடலாகாது. 2 கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதும், 2 கிலோ கல் 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு ஏழு மாடி உயரத்திலிருந்து, விழுவதும் வேகத்தில் ஒன்றே. முன்னே சுழலும் விசிறியைக் கணக்கில் சேர்க்கவில்லை. யாருமற்ற பெருவெளியில் தனியே பறக்கவிடுபவருக்கு நன்கு பேணப்பட்ட பழைய கருவி இன்னும் போதுமானதாக இருக்கலாம். நம் மைதானமோ ஒரு பக்கம் பள்ளி, மறுபக்கம் குடியிருப்பு, நடுவே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் என்று அமைந்தது. ஆகவே, கருவியின் வயதைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டா. அதன்மேல் நமக்குள்ள பற்றைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டா. அது பறக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்வோம்.

சட்டத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசையைக் குறித்த ஆற்றல் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. அந்த விதிகள் தந்த விலக்கு 72 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குரியதன்று. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளோ மாதிரி விமானத்துக்கு இலக்கணம் வகுத்தன: எடை 25 கிலோவுக்கு மேற்படக் கூடாது, கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, பொழுதுபோக்கு முதலியவற்றுக்கே பயன்பட வேண்டும், கண்ணுக்கெட்டும் எல்லைக்குள்ளேயே பறக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கு கற்பிக்க விரும்பும் சங்கம் முதலில் தான் ஒழுங்கைப் பேண வேண்டாமா?

எனவே, நாம் செயற்குழுவின் முன் வைக்கும் யோசனை இதுவே: மாற்ற வேண்டியது அலைத்தொடர்பும் பாட்டரியும், மற்றவற்றை மாற்ற வேண்டிய தேவையில்லை.

நம் மூன்று பெட்டிகளில் இரண்டின் பின்புறத்தில் கழற்றி மாட்டும் மாட்யூல் உண்டு. அதற்குப் பொருந்தும் புதிய வரிசை மாட்யூலும் ரிசீவரும் கிடைத்தால், கைக்குப் பழகிய பெட்டி கையிலேயே இருக்கும். சர்வோ மோட்டார்கள் பெரும்பாலும் அப்படியே பயன்படும். ஆயினும் சில பழைய சர்வோக்களில் கம்பிகளின் வரிசை வேறு. பார்த்துச் செருகாவிடில் கருகிவிடும். பழைய நிக்கல்–காட்மியம் பாட்டரிகளை மட்டும் தயங்காமல் விலக்க வேண்டும். அவற்றில் உள்ள காட்மியம் நஞ்சு. ஆதலால் குப்பைத் தொட்டியில் எறியாமல், 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளின்படி உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். புதியதை வாங்கும்போது அரசின் ஒப்புதல் பெற்றதா என்று கேட்டு வாங்குவதும், மூன்று கருவிகளுக்கும் ஒரே நிறுவனத்து ரிசீவரையே தேர்வதும் நலம்.

மாட்யூல் இல்லாத மூன்றாம் பெட்டியை என்ன செய்வது? பாட்டரியை நீக்கிவிட்டு, பிள்ளைகளின் அறிவியல் வகுப்பு மேசையில் வைப்போம். கிரிஸ்டல் எது, கைப்பிடியின் அசைவு எப்படி அலையாக மாறுகிறது என்பதை அவர்கள் திறந்து பார்த்துக் கற்கட்டும். பலகை இருந்த காலத்தைப் பெரியவர்கள் அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும்.

இறுதியாக ஒன்று. கருவி எதுவாயினும், ஒவ்வொரு நாளும் முதல் விமானம் எழுமுன் தொலைவுச் சோதனை செய்தாக வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு முப்பது அடிவைப்பு நடந்து, சுக்கான்கள் தவறாமல் அசைகின்றனவா என்று காண வேண்டும். மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை காண வேண்டும். ஐயம் எழுந்தால் அன்று பறத்தல் இல்லை. யார் கேட்டாலும் இல்லை. அவ்வாறு 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் துணிவைப் பதினைந்து வயதுப் பிள்ளை பெற்றுவிட்டால், நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பயன்பட்டதாகும். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!